மேற்கே இருபத்திரெண்டு டிகிரி

— விமானத்தை வடக்குக் கோட்டுல நிறுத்திட்டேன். திசைக் கருவி என்ன காட்டுது, படிங்க அண்ணி.

— முன்னூத்தி ஐம்பத்தொன்பது.

— ஒரு டிகிரி கம்மி. எழுதிக்கங்க.

— நீ சொல்லி நான் எழுத மாட்டேன். என் கண்ணு பாக்கறதைத்தான் எழுதுவேன்.

— ரெண்டும் ஒண்ணுதானே?

— ஒண்ணா இல்லையான்னு பாக்கத்தான் வந்திருக்கேன்.

— சரி, பொறுங்க பொறுங்க. கிழக்குக் கோட்டுக்குத் தள்ளிட்டுப் போறேன். கதவு திறந்தே இருக்கட்டும், அப்பதான் நான் கத்தறது கேக்கும். கால்கிட்ட ரெண்டு பெடல் இருக்கு பாருங்க, அதை மிதிச்சுடாதீங்க.

— நான் எதையும் மிதிக்கல. ரிப்பேர் பண்ணிப் புதுசாக்கிட்டாலும், உங்க அண்ணன் உக்காந்து விழுந்த சீட்டுல உக்காரவே உடம்பு கூசுது. இதுல மிதிக்க வேற செய்யணுமா?

— போன தடவை செட் பண்ணும்போது அவர் உள்ள இருந்தாரு. நீங்க வெளிய மேஜை போட்டு, குடையைப் பிடிச்சுக்கிட்டு எழுதுனீங்க. ஞாபகம் இருக்கா?

— இப்ப அவர் கால் மடங்காது. மடங்கியிருந்தா நான் ஏன் இந்தத் தகர டப்பாவுல ஏறப் போறேன்?

— தகரம் இல்ல அண்ணி, அலுமினியம்.

— ஆமா, இப்ப அதுதான் ரொம்ப முக்கியம். தள்ளு.

— ஹப்பா… நிறுத்திட்டேன். இப்ப?

— தொண்ணூத்தொண்ணு. ஆமா, கையெழுத்துப் போடற பெரிய மெக்கானிக் எங்க? அவர் பக்கத்துல நிக்கணும்னு விதி. உனக்குத்தான் லைசன்ஸ் இல்லையே.

— சாப்பிடப் போயிருக்காரு.

— பத்து மணிக்கா?

— நான்தான் போயிட்டு வாங்கன்னேன். இது சும்மா தள்ளிப் பாக்கறது. அப்புறம் பைலட் வந்து இன்ஜினைப் போட்டு இன்னொரு சுத்து இருக்கு, அதுக்கு அவர் வந்துடுவாரு.

— அதாவது, ஆளை வேணும்னே அனுப்பியிருக்க.

— அண்ணி, நீங்க ஆபீஸ்ல உக்காந்து பேனா பிடிக்க வேண்டிய ஆளே இல்ல. போலீஸ்ல இருக்க வேண்டியவங்க.

— சிரிக்காதே. இன்னொண்ணு, என் போன் இங்க மடியில இருக்கு. சென்சார் பக்கத்துல போன் கூடாது, சாவி கூடாது, ஹேர்பின் கூடாதுன்னு எத்தனை தடவை கத்தியிருக்க? வெளிய வச்சுடட்டுமா?

— வேண்டாம். இன்னிக்கு உங்ககிட்டயே இருக்கட்டும்.

— ஏன், இன்னிக்கு மட்டும் சட்டம் மாறிடுச்சா?

— நீங்க இருக்கற இடத்துல இருந்தா அது ஒண்ணும் பண்ணாது.

— அப்புறம் அளவு தப்பா வந்தா, அண்ணி மடியில போன் இருந்துச்சு, அதான்னு சொல்லிடலாம். அதானே?

— இதுவரைக்கும் தப்பா வந்திருக்கா? சொல்லுங்க.

— இல்ல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.

— தெற்கு. நிறுத்திட்டேன்.

— நூத்தி எண்பது. துல்லியம்.

— மேற்கு. பொறுங்க… இன்னும் ஒரு சாண்… ஆச்சு.

— இருநூத்தி எழுபது இருக்க வேண்டிய இடத்துல இருநூத்தி அறுபத்தொன்பது. நெத்தியெல்லாம் வேர்வை உனக்கு. கண்ணுல விழுந்தா கோடு எப்படித் தெரியும்? இந்தா, துடைச்சுக்க.

— இது அண்ணனோட கைக்குட்டையாச்சே.

— ஆமா. ஆறு வாங்கினேன். ஆறுக்கும் ஓரத்துல நீல நூல்ல அவர் முதலெழுத்தை நானே தைச்சேன். இப்ப அஞ்சுதான் இருக்கு, ஒண்ணு அந்தச் சதுப்புச் சேத்தோட போச்சு. துவைச்சுக் கொடு, தொலைச்சுடாதே.

— …தொலைக்க மாட்டேன்.

— என்ன, முகம் ஒரு மாதிரி ஆகுது?

— வெயிலு.

— வெயிலு! சரி, கேளு. நாளைக்கு விசாரணைக் கமிட்டி. உனக்கு லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கலாமா வேண்டாமான்னு கேக்கப் போறாங்க. ஆபீஸ் பதிவெல்லாம் நான்தான் எழுதறேன்னு என்னையும் கூப்பிட்டிருக்காங்க. நான் என்ன சொல்லப் போறேன், தெரியுமா?

— நாலு அளவும் சரியா இருந்துச்சுன்னு சொல்லுவீங்க. பாத்ததைத்தானே எழுதுவீங்க?

— அது இன்னிக்குக் கதை. நான் ஆறு மாசத்துக்கு முந்தின கதையைச் சொல்லப் போறேன்.

— அதை நான்தான் எழுதிக் கொடுத்துட்டேனே. செட் பண்ணி முடிச்சதும் சென்சார் பக்கத்துல ஒரு ஸ்பேனரை மறந்து விட்டுட்டேன். இரும்பு, அதனால திசை தப்பாக் காட்டுச்சு. பைலட் மேல தப்பு இல்ல, தப்பு என் மேலதான். அந்த ரிப்போர்ட்டை டைப் பண்ணதே நீங்கதானே?

— டைப் பண்ணேன். பண்ணும்போதே விரல் கூசுச்சு. ஹேங்கர் கொட்டகைச் சுவத்துல டூல் போர்டு இருக்கில்ல?

— இருக்கு.

— ஒவ்வொரு டூலுக்கும் பின்னால அதோட உருவம் வரைஞ்சிருக்கும். எடுத்துட்டு வைக்க மறந்தா வெறும் உருவம் பல்லைக் காட்டும். தினமும் சாயங்காலம் அதை எண்ணி எழுதறது யாரு?

— நீங்க.

— நீ செட் பண்ண அன்னிக்கு சாயங்காலம் நான் எண்ணினேன். முப்பத்திநாலு. ஒரு உருவம்கூட வெறுமையா இல்ல.

— அவசரத்துல ஒண்ணை ரெண்டா எண்ணியிருப்பீங்க.

— யாரு, நானா?

— …இல்ல. நீங்க அப்படி எண்ண மாட்டீங்க.

— அப்போ மறந்து போன ஸ்பேனர் எது? வீட்டுல இருந்து கொண்டு வந்தியா? ஒரு ஸ்பேனரும் மறக்கல. நீ சொன்னது பச்சைப் பொய்.

— ஆறு மாசமா இது தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?

— அவர் ஆஸ்பத்திரியில கிடந்தாரு. அவர் மேல தப்பு இல்லைன்னு ரிப்போர்ட் வந்துச்சு, அதுவே எனக்குப் போதுமா இருந்துச்சு. ஆனா ராத்திரி கண்ணை மூடினா அந்த முப்பத்திநாலு வந்து நிக்குது. பொய் சொல்லி சோத்துல மண்ணு போட்டுக்கிறவன் எவனாவது உண்டா? அதைவிடப் பெருசா எதையோ மறைக்கறவன்தான் செய்வான்.

— அண்ணி, பேசாம இறங்குங்க. அளவெல்லாம் எழுதியாச்சு.

— இறங்க மாட்டேன். அவர் விழறதுக்கு மூணு நாள் முன்னாடி நீங்க ரெண்டு பேரும் ஹேங்கருக்குப் பின்னால சண்டை போட்டீங்க. நீ அவர் சட்டையைப் பிடிச்சு உலுக்கினே. என்னைப் பாத்ததும் ரெண்டு பேரும் ஊமையாயிட்டீங்க. எதுக்குச் சண்டை?

— அது அண்ணன் தம்பிக்குள்ள.

— நொறுங்கின விமானத்தைக் கொண்டு வந்து ஹேங்கர்ல போட்ட அன்னிக்கு விடியக்காலையில, ஆபீசருங்க வர்றதுக்கு முன்னாடி, நீ ஸ்குரூடிரைவரோட வால் பக்கம் நின்னே. கேட்டுக்காரர் பாத்திருக்காரு. அங்க உள்ள பலகையைத் திறந்து என்ன எடுத்தே?

— கேட்டுக்காரருக்குக் கண்ணு ரொம்பக் கூர்மைதான்.

— பேச்சை மாத்தாதே. திசைக் கருவி இதோ என் மூக்குக்கு முன்னாடி இருக்கு. உனக்கு வால்ல என்ன வேலை? அங்க என்ன இருந்துச்சு? சொல்லு!

— அதுல உங்களுக்கு என்ன அண்ணி இவ்வளவு அவசரம்?

— எனக்கு ஒரு அவசரமும் இல்ல.

— அளவு எழுதின தாளைக் கசக்கறீங்க.

— கோபத்துல கசக்கறேன். அவர் ஆறு மாசமா உன் முகத்துல முழிக்கல. உன் பேரை எடுத்தா திரும்பிப் படுத்துக்கறாரு. நீ என்ன செஞ்சேன்னு அவருக்குத் தெரியும்.

— ஆமா. அவருக்குத் தெரியும்.

— பாத்தியா! உன் வாயாலேயே வந்துடுச்சு. நாளைக்குச் சொல்லிடறேன். மறதி இல்ல, தம்பிதான் வேணும்னே எதையோ வச்சான், அண்ணனைக் கொல்லப் பாத்தான்னு. அதுக்கப்புறம் லைசன்ஸ் என்ன, உன்னை வெளியவே விட மாட்டாங்க.

— நிஜமாவே சொல்லிடுவீங்களா?

— எழுதியே கொண்டு போறேன். இந்தப் பையில இருக்கு.

— என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. நான் அண்ணனைக் கொல்லுவேன்னு நம்பறீங்களா?

— …வேற எதை நம்பறது? நீயே சொல்லேன், நான் வேற எதை நம்பறது?

— சரி. நானும் ரெண்டு கேள்வி கேக்கறேன். மூடுபனியில அவர் காணாமப் போனதும் எல்லாரும் நேர் கிழக்கே கடல்லதான் தேடினாங்க. அப்ப யாரோ ஒரு அம்மா பேர் சொல்லாம போன் பண்ணி, தெற்கே சதுப்புல தேடுங்க, ஆத்து முகத்துக்கு இந்தப் பக்கம்னு சொன்னாங்க. ஒரு மணி நேரத்துல ஆளைத் தூக்கிட்டாங்க. யாரு அது?

— மீன் பிடிக்கறவங்க யாராவது பாத்திருப்பாங்க.

— அந்தப் பனியிலயா?

— எனக்கு எப்படித் தெரியும்? உன் கதையைக் கேட்டா நீ என்னைக் குடையறியா? போய் உங்க அண்ணனைக் கேளு, வியாழக்கிழமை வியாழக்கிழமை எங்க போனாருன்னு. சரக்கை இறக்கிட்டு நேரா வர்ற ஆளுக்கு எதுக்கு எப்பவும் பெட்ரோல் கூடச் செலவாகுது? அந்தத் தீவுல ஒண்ணரை மணி நேரம் யாரைப் பாத்துட்டு நின்னாரு? உனக்குத் தெரியும். நீயும் கூட்டு.

— எந்தத் தீவு?

— என்ன?

— எந்தத் தீவு அண்ணி? அன்னிக்கு அவர் எங்க இறங்கினாருன்னு யாருக்கும் தெரியாது. அவர் பயணக் கணக்கு எழுதற லாக்புக் சேத்துல ஊறிக் கூழாப் போச்சு. ஒண்ணரை மணி நேரம்னு உங்களுக்கு யார் சொன்னா?

— …அவர்தான். மயக்கத்துல உளறினாரு.

— சரி. இறங்காதீங்க, உக்காருங்க. இன்னொரு சுத்து தள்ளிப் பாத்துடுவோம்.

— எதுக்கு? எங்க போறே? ஏய், வால் பக்கம் ஏன் போறே?

— பின் கதவைத் திறக்கறேன். தரையில இருக்கற டூல் பெட்டியில ஒரு துணி மூட்டை இருக்கு. கையகலம்தான். இதை அன்னிக்கு இருந்த இடத்துலயே வைக்கறேன். நீங்க அளவை மட்டும் படிங்க.

— அன்னிக்கு இருந்த இடமா? அப்போ இதைத்தான் எடுத்தியா? என்ன அது? பிரிச்சுக் காட்டு!

— அளவு முதல்ல. அப்புறம் நீங்களே பிரிச்சுக்கலாம்.

— அன்னிக்கும் இப்படித்தான் கமுக்கமா வச்சியா?

— வச்சாச்சு. பிரேக்… நீங்கதான் எதையும் மிதிக்கலையே. தள்றேன். வடக்கு. படிங்க.

— …முன்னூத்தி ஐம்பத்தெட்டு. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

— வடக்குல தெரியாது. என்ன சத்தம் அது? உங்க போனா?

— ஏதோ மெசேஜ். விடு.

— கிழக்கு.

— தொண்ணூறு காட்டணும்… அறுபத்தெட்டு காட்டுது. அறுபத்தெட்டு! கடவுளே.

— எழுதுங்க. தெற்கு.

— நூத்தி எண்பத்தொண்ணு.

— மறுபடியும் போன் அடிக்குது.

— விடுன்னேன்ல! தள்ளு.

— மேற்கு. இதுதான் வீட்டுத் திசை. இந்தக் கோட்டுலதான் அவர் திரும்பி வந்துக்கிட்டிருந்தாரு. என்ன காட்டுது?

— இருநூத்தித் தொண்ணூத்திரெண்டு.

— எவ்வளவு தப்பு?

— இருபத்திரெண்டு.

— நேரா மேற்கே வந்தாலும் கருவி இருபத்திரெண்டு டிகிரி கூடக் காட்டும். வலது பக்கம் போயிட்டோம்னு நினைச்சு அவர் இடது பக்கம் திருப்புவாரு. இடதுன்னா தெற்கு. தெற்குன்னா சதுப்பு. போகும்போது நல்ல வெயில், கண்ணால கரையைப் பாத்துப் போயிட்டாரு. வரும்போது ஒண்ணும் தெரியல. அந்தக் கண்ணாடிக்கு மேல ஒரு பழைய காம்பஸ் இருக்கு பாருங்க. அது சரியாத்தான் காட்டியிருக்கு. ரெண்டும் ஒத்துப் போகல. அவர் இந்தப் புதுக் கருவியைத்தான் நம்பினாரு. ஏன் தெரியுமா? தம்பி கையால செட் பண்ணது பொய் சொல்லாதுன்னு.

— அப்படி நம்பின ஆளுக்கா இதைச் செஞ்சே? உனக்கு மனசே இல்லையா? முன்னாடி இருக்கற கருவியை வால்ல வச்ச மூட்டை எப்படிடா கெடுக்கும்?

— உங்க முன்னாடி இருக்கறது முகம்தான் அண்ணி. பாக்கற கண்ணு வால்ல இருக்கு. சென்சாரே அங்கதான்.

— …என்ன சொன்னே?

— சென்சார் வால்ல இருக்கு. பழைய கருவிக்கு எல்லாம் முன்னாடியே இருந்துச்சு. இந்தப் புதுசு வந்தப்ப, இன்ஜின் கிட்ட இருந்தா இரும்பு தொந்தரவு பண்ணும்னு தூரமாக் கொண்டு போய் வச்சோம். அதனாலதான் உங்க மடியில போன் இருக்கட்டும்னேன்.

— வால்லயா? இல்ல. நீ பொய் சொல்றே. அது முன்னாடிதான் இருக்கும். முன்னாடிதான் இருக்கணும்.

— ஏன் அண்ணி முன்னாடி இருக்கணும்?

— நீ எப்பவும் கத்துவியே… போன் கூடாது, சாவி கூடாதுன்னு…

— அண்ணி. அந்த மெசேஜைப் படிங்க.

— மாட்டேன்.

— படிங்க. நீங்க பாத்ததைத்தானே எழுதுவீங்க? பாருங்க.

— …"உங்கள் வாகனம் நகர்த்தப்படுகிறது." நாலு தடவை வந்திருக்கு.

— மூட்டையில இருக்கறதுக்கு நேத்து நான்தான் சார்ஜ் போட்டேன். உள்ள இருக்கற சிம்முக்கு இன்னும் உயிர் இருக்கு. நீங்க அதை நிறுத்தவே இல்ல.

— நிறுத்தப் பயமா இருந்துச்சு. நிறுத்தினா என் பேருல பதிவாகிடுமோன்னு… நீ அதை எடுத்தியா, ஆபீசருங்க எடுத்தாங்களா, சேத்துல போச்சான்னு தெரியாம ஆறு மாசமா வெந்துக்கிட்டிருக்கேன். அதைக் கேக்கத்தான் இன்னிக்கு வந்தேன். ஆனா இது… இதனாலதான்னு… சத்தியமா எனக்குத் தெரியாதுடா!

— தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்.

— கார்ல ஒட்டற டிராக்கர், வண்டி எங்க போகுதுன்னு போன்ல காட்டும்னு கடையில கொடுத்தான். அடியில காந்தம். காம்பஸ் பக்கத்துல காந்தம் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதான்டா முன்னாடி வைக்கல! எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, வாலுக்குக் கொண்டு போனேன். எண்ணிட்டு வந்த அன்னிக்கு சாயங்காலம்தான், நீ கை கழுவப் போயிருந்தே. எங்க வச்சாலும் ஒட்டல, வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. பேட்டரிப் பெட்டி மேல மட்டும்தான் டப்புன்னு பிடிச்சுக்கிச்சு.

— அந்தப் பெட்டியைக் கட்டியிருக்கற பட்டை ஒண்ணுதான் அங்க இரும்பு. மிச்சமெல்லாம் அலுமினியம். அங்கிருந்து சென்சாருக்கு ஒரு முழம்.

— ஒரு முழமா… அவர் உயிருக்கு ஒரு முழத்துலயா கொண்டு போய் வச்சேன்?

— அழாதீங்க அண்ணி. அந்த போனைப் பண்ணதும் நீங்கதானே? எல்லாரும் கடல்ல தேடிக்கிட்டிருந்தாங்க. நீங்க சொல்லலைன்னா அண்ணன் அன்னிக்கு ராத்திரியே போயிருப்பாரு. அதையும் எழுதிக்கங்க.

— குரலை மாத்திப் பேசினேன்டா. என் புருஷன் எங்க கிடக்காருன்னு எனக்குத் தெரியும், ஆனா எப்படித் தெரியும்னு சொல்ல முடியாது. இப்படி ஒரு பாவி உண்டா?

— ஏன் வச்சீங்க? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே.

— நீ சொல்லியிருப்பியா? வேற ஒருத்தி இருக்கான்னு நினைச்சேன். வியாழக்கிழமைன்னா புதுச் சட்டை. கேட்டா காது கேக்காத மாதிரி போயிடுவாரு.

— காது கேக்காத மாதிரி இல்ல அண்ணி. காது கேக்கல.

— என்னது?

— வலது காது பாதிக்கு மேல போச்சு. அந்தத் தீவுல ஒரு காது டாக்டரம்மா இருக்காங்க, வாரா வாரம் ஊசி. இங்க காட்டினா ஆபீசுக்குத் தெரிஞ்சுடும், பறக்க விட மாட்டாங்க. அதுக்குத்தான் நான் சட்டையைப் பிடிச்சு உலுக்கினேன், அண்ணிகிட்டயாவது சொல்லித் தொலைன்னு. 'அவகிட்ட சொன்னா எழுதிடுவா'ன்னாரு.

— …எழுதியிருப்பேன். ஆமா, எழுதித்தான் இருப்பேன்.

— அதான்.

— நீ எனக்காகவா ஸ்பேனர்னு சொன்னே? உன் வேலை போச்சு, பேரு போச்சு. நான் வேற உன்னைக் கொலைகாரன்னு எழுதி வச்சிருக்கேன். இதோ பாரு, கிழிச்சுட்டேன். நாளைக்குக் கமிட்டியில நானே சொல்லிடறேன். ஆனா அவர்கிட்ட மட்டும் வேண்டாம்பா. அவர் காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் என்னைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வைக்கறாரு. அந்தக் கையை விட்டுடுவாரு. இது அவருக்குத் தெரியாதுல்ல? உனக்கு மட்டும்தானே தெரியும்?

— கேட்டுக்காரர் பாத்ததுல ஒரு தப்பு இருக்கு அண்ணி. நான் அந்தப் பலகையைத் திறக்கல. மூடினேன். ஏற்கெனவே யாரோ திறந்திருந்தாங்க. சதுப்புல கிடக்கும்போது ரேடியோ செத்துப் போச்சேன்னு, பேட்டரியைப் பாக்க, உடைஞ்ச காலை இழுத்துக்கிட்டுப் பின்னாடி வரைக்கும் ஊர்ந்து போயிருக்காங்க.

— இல்ல. வேண்டாம். சொல்லாதே.

— இந்தாங்க, மூட்டையைப் பிரிங்க. உள்ள இருக்கறதைப் பாக்க வேண்டாம், துணியோட ஓரத்தைப் பாருங்க.

— நீல நூலு…

— உங்க ஆறாவது கைக்குட்டை. அண்ணன் ஸ்ட்ரெச்சர்ல போகும்போது இதை என் கையில திணிச்சு, 'வியாழக்கிழமை எங்க போனீங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளே, அவ வேலைதான். ஸ்பேனர்னு சொல்லிடு, அவளுக்கு மட்டும் தெரியவே கூடாது'ன்னாரு.